கையேட்டின் கதை – 9: பண்டத்தரிப்புக்கு 117 குறிகள்

யுனிக்ஸ் கையேட்டுக்குள் ‘பிழைகள்’ என்றொரு தலைப்பு நுழைந்த கதையோடு சென்ற வாரம் நின்றது. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளட்டும். இந்த வாரத்துக்கென்று சொல்லிவைத்தது ‘மேலும் பார்க்க’ என்ற தலைப்பு. ஒரு கையேட்டுப் பக்கம் இன்னொரு பக்கத்தையோ ஓர் இணைய முகவரியையோ எப்படிச் சுட்டுகிறது, அந்தச் சுட்டு எந்த உருவில் அச்சாகவேண்டும் என்று எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பதுதான் விஷயம். ஆனால் நடுவில் ஒரு கணக்குக் குறுக்கே வந்துவிட்டது. அதை முடிக்காமல் மேலே போக வழியில்லை.

பண்டத்தரிப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமேற்கில் சண்டிலிப்பாய், சில்லாலை, மாதகல் ஆகியவற்றுக்கு அயலில் உள்ள ஊர். விரல்விட்டு எண்ணினால் எட்டு எழுத்து: ப, ண், ட, த், த, ரி, ப், பு.

கணினி அப்படி எண்ணுவதில்லை. யுனிகோடில் மெய்யின் மேலுள்ள புள்ளி தனியொரு குறி. ‘ரி’யில் வரும் இகரக் குறி தனி, ‘பு’வில் வரும் உகரக் குறி தனி. மூன்று புள்ளி, ஓர் இகரம், ஓர் உகரம் சேர்ந்து எட்டைப் பதின்மூன்றாக்கிவிடுகின்றன. அந்தப் பதின்மூன்றையும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 39 பைட். இணைய முகவரிக்குள் வைக்கவேண்டுமென்றால் இன்னொரு படியும் ஏறவேண்டும். ஆங்கில எழுத்து, எண், ஒருசில நிறுத்தக்குறிகள் தவிர வேறெதற்கும் முகவரிக்குள் இடமில்லை என்பது விதி. டிம் பெர்னர்ஸ்-லீ, ரோய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் 2005 ஜனவரியில் எழுதிவைத்த ஆர்எஃப்சி 3986 என்ற இணைய விதி ஆவணம் அதைத்தான் சொல்கிறது. மற்ற பைட் ஒவ்வொன்றையும் ஒரு சதவீதக் குறி, அதன்பின் பதினாறடிமான இலக்கம் இரண்டு என்று மாற்றி எழுதவேண்டும். 39 மூன்று மடங்காகிறது.

ஆக, 117.

தமிழ் விக்கிப்பீடியாவில் இந்த ஊர்ப் பெயருக்குரிய முகவரியை முழுதாக எழுதினால், முன்னால் வரும் தளத்தின் பெயருக்கும் அடைவுக்கும் 30 குறி சேர்ந்து மொத்தம் 147 ஆகும். உலாவியின் முகவரிப் பட்டியில் பார்க்கும்போது இது தெரியாது. அங்கே உலாவி மரியாதையாகத் தமிழிலேயே காட்டும். நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிய கணத்தில் வேஷம் கலைந்துவிடும். தமிழ்த் தலைப்புள்ள செய்தி ஒன்றின் இணைப்பை அனுப்பிவிட்டு, கைபேசித் திரை முழுக்கச் சதவீதக் குறியாக நிறைவதைப் பார்த்துத் திகைக்காதவர் குடாநாட்டில் குறைவு. அந்தக் குப்பையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். தமிழ்க் குறி எதுவானாலும் முதல் பைட் ‘ஈ0’. இரண்டாவது பைட் ‘ஏஈ’ அல்லது ‘ஏஎஃப்’, இரண்டில் ஒன்று. மூன்றாவது பைட்டில்தான் பகரமா ணகரமா என்ற வித்தியாசமே வருகிறது. 117 குறியில் பெரும்பங்கு, ‘இது தமிழ், இது தமிழ்’ என்று பதின்மூன்று தடவை சொல்லிக்கொண்டிருப்பதற்கே செலவாகிறது.

ஏன் மூன்று பைட்? இங்கேதான் இந்த வாரத்தின் பெருமகிழ்ச்சி இருக்கிறது.

1992 செப்டெம்பரில் ஒரு மாலை, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு சாதாரண உணவகம். பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென் தாம்சனும் ரொப் பைக்கும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். உலக எழுத்துகள் எல்லாவற்றையும் பைட்டுகளில் அடக்க ஏற்கெனவே ஒரு முறை முன்வைக்கப்பட்டிருந்தது. அதில் இருவருக்கும் திருப்தியில்லை. தட்டுக்குக் கீழே விரிக்கும் காகித விரிப்பில் தாம்சன் புதிய முறையின் பிட் அமைப்பை வரைந்துகாட்டினார். சில நாளுக்குள் அவர்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. அதுதான் யூடிஎஃப்-8. இதே கென் தாம்சன்தான் டெனிஸ் ரிச்சியோடு சேர்ந்து 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதலாவது யுனிக்ஸ் கையேட்டை எழுதியவர். எட்டு வாரமாக இத்தொடரில் வந்துபோய்க்கொண்டிருக்கிற அதே கையேடு. ‘மேலும் பார்க்க’ என்ற தலைப்பும் அந்த முதல் பதிப்பிலேயே இருந்தது.

காகித விரிப்பில் பிறந்த அந்த முறையின்படி, யுனிகோடு அட்டவணையின் தொடக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். அதற்கடுத்து, 2047ஆம் இடம்வரை குடியிருப்பவர்களுக்கு இரண்டு பைட். அந்த எல்லையைத் தாண்டினால் மூன்று. கிரேக்கம், ரஷ்ய எழுத்து, எபிரேயம், அரபு எல்லாம் எல்லைக்கு உள்ளே இருக்கின்றன. எல்லைக் கோட்டை ஒட்டினாற்போல் 1920ஆம் இடத்திலிருந்து உட்கார்ந்திருப்பது மாலைதீவின் தானா எழுத்து. தேவநாகரி 2304இல் தொடங்குகிறது. தமிழ் 2944இல், சிங்களம் 3456இல். இந்திய எழுத்துகளின் வரிசை 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைத் தழுவி 1991இல் யுனிகோடின் முதல் பதிப்பில் அமைந்தது; தாம்சன் எல்லை போட்டது மறுவருடம். யாரும் திட்டமிட்டுச் செய்த ஓரவஞ்சனை இதில் இல்லை. இருந்தாலும் மாலே நகரத்து எழுத்துக்கு முகவரியில் ஆறு குறி, பக்கத்துத் தீவில் யாழ்ப்பாணத்து எழுத்துக்கும் கண்டியின் எழுத்துக்கும் ஒன்பது குறி என்றாகிவிட்டது.

தமிழ் அந்த எல்லைக்குள் இருந்திருந்தால் பண்டத்தரிப்பு எத்தனை குறியாகியிருக்கும்? பதின்மூன்றை ஆறால் பெருக்குங்கள். 78. கணினி முனையத்தின் ஒரு வரிக்கு அகலம் 80. இரண்டு இடம் மிச்சம்வைத்து ஒரே வரியில் கச்சிதமாக அமர்ந்திருக்கும்!

80 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளை அட்டையில் 80 நிரல். ஓர் அட்டை ஒரு வரி. 1978இல் வந்த விடி100 முனையம் அந்த 80ஐ அப்படியே திரைக்கு எடுத்துக்கொண்டது, கீழ்நோக்கி 24 வரி. விடி100ஐக் கண்ணால் பார்த்திராத இன்றைய மடிகணினியும் கறுப்புத் திரையைத் திறந்தால் வழமையாக 80க்கு 24 என்றே திறக்கிறது. கையேட்டுப் பக்கங்கள் இந்த அகலத்தை மனதில் வைத்தே வரி பிரிக்கப்படுகின்றன.

இனி விஷயத்துக்கு வரலாம்.

கையேட்டுப் பக்கம் ஒன்று இன்னொன்றைச் சுட்டும் பழைய முறை மிகவும் எளியது. பெயர், அடைப்புக்குறிக்குள் பிரிவு எண். கிரான்டேப்(1) என்றால் நேரம் குறித்து வேலை ஏவும் கட்டளை. கிரான்டேப்(5) என்றால் அந்த நேர அட்டவணையை எழுதும் கோப்பின் அமைப்பு. பிரிண்ட்எஃப்(1) முனையத்தில் தட்டும் கட்டளை, பிரிண்ட்எஃப்(3) சி மொழியின் செயற்கூறு. அடைப்புக்குறி எண் இல்லாவிட்டால் ஆள்மாறாட்டம் நடந்துவிடும். இந்தச் சுட்டில் தேடுவதற்கு வேண்டிய எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே அச்சாகியிருக்கும்; சொடுக்க வேண்டியதில்லை, பார்த்துத் தட்டினால் போதும். பெயரே முகவரி.

அகராதிக்காரர்களுக்கு இது பழகிய ஒழுங்கு. பண்டத்தரிப்பு இங்கே இன்னொரு தடவை தலைகாட்டுகிறது. அமெரிக்க மிஷனின் முதல் மருத்துவ மிஷனரியான டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் வந்து அமர்ந்து வைத்தியம் பார்த்தது இந்த ஊரில்தான். அதே 1820இல் மிஷனுக்கென்று ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரர் யாழ்ப்பாணம் வந்திறங்கினார். எட்வர்ட் பார்ன்ஸின் பிரித்தானிய நிர்வாகம் அவரைத் தங்க விடவில்லை. காரெட் பம்பாய்க்குப் போகவேண்டியதாயிற்று. அச்சுக்கூடம் மானிப்பாயில் ஓடத் தொடங்க 1834 ஆயிற்று. அங்கிருந்துதான் 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வந்தது, 1842இல் மானிப்பாய் அகராதி வந்தது. ஸ்கடரும் உடுவிலில் இருந்த மிரன் வின்சுலோவும் 1836இல் சென்னைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதி வேலையின் பெரும் விளைச்சல், வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியாக, சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹன்ட் அச்சிட்டு 1862இல் வெளியானது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல். அகராதியில் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு வாசகரை அனுப்பச் சொல்லை மட்டும் சொன்னால் போதும். அகரவரிசை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பக்க எண்கூட வேண்டாம்.

காரெட்டின் கதைக்கு முழு அத்தியாயமே எழுதலாம். இடமில்லை.

இணையம் வந்தபின் கையேட்டுக்குள் இரண்டாவது வகைச் சுட்டு புகுந்தது. ‘விரிவுக்குப் பயனர் வழிகாட்டியைப் பார்க்கவும்’ என்று ஒரு வாக்கியம். ‘பயனர் வழிகாட்டி’ என்ற சொல்லுக்குப் பின்னால் நீளமான ஓர் இணைய முகவரி. உலாவியில் அந்த முகவரியைச் சொல்லுக்குள் ஒளித்துவைக்கலாம், தொட்டால் போகும். முனையத்தில் அல்லது காகிதத்தில் எங்கே ஒளிப்பது? இங்கே தொடங்குகிறது அமைப்பு விவகாரம்.

இன்று பல கையேட்டுப் பக்கங்களை யாரும் நேரடியாக ரோஃப் என்ற பக்க அமைப்பு மொழியில் எழுதுவதில்லை. வேறொரு எளிய வடிவில் எழுதி, மாற்றும் நிரலைக் கொண்டு பக்கத்தை உற்பத்தி செய்கிறார்கள். அதில் பழம்பெரும் வழி டாக்புக். 1991இல் ஹால் கம்பியூட்டர் சிஸ்டம்ஸ், ஓ’ரெய்லி என்ற இரண்டு நிறுவனங்களும் யுனிக்ஸ் ஆவணங்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள உருவாக்கிய வடிவம் அது. டாக்புக்கில் எழுதியதை எக்ஸ்எஸ்எல்டி என்ற உருமாற்று மொழியில் அமைந்த நடைத்தாள்கள் ரோஃப் ஆக்கும். அந்த ரோஃபை குரோஃப் என்ற நிரல் வாசித்துப் பக்கம் போடும்.

நடுவில் இருக்கும் எக்ஸ்எஸ்எல்டியின் 1.0 பதிப்பைத் தொகுத்தவர் ஜேம்ஸ் கிளார்க். 1999 நவம்பர் 16இல் அது தரமாக அறிவிக்கப்பட்டது. கடைசியில் இருக்கும் குரோஃபை முதலில் எழுதி 1990இல் வெளியிட்டவரும் அதே ஜேம்ஸ் கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து தாய்லாந்தில் குடியேறியவர். மாற்றும் மொழி ஒரு முனை, பக்கம் போடும் நிரல் மறுமுனை, இரண்டும் ஒருவர் கையிலிருந்து. அத்தோடு அவர் விட்டாரா? கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் தொடங்கியது, பாலரீனா என்ற நிரல்மொழியை உருவாக்கியபோது அதன் வடிவமைப்பில் முதன்மையானவராக நின்றவர் கிளார்க்தான். பாலரீனா 1.0 வெளிவந்தது 2019 செப்டெம்பரில். கையேட்டுப் பக்கத்தின் கதையைத் துரத்திக்கொண்டு போனால் பாங்கொக் வழியாகக் கொழும்பில் வந்து முட்டும் என்று இத்தொடர் தொடங்கும்போது யார் நினைத்தார்?

டாக்புக் நடைத்தாள்களில் கையேட்டுப் பக்கத்துக்கென்று தனியே ஒரு தொகுதி உண்டு. இணைப்பின் தோற்றம் பற்றி அது ஆவணம் எழுதுபவரிடம் கேட்கும் கேள்விகள் ஏழு.

இணைப்புள்ள சொல்லை எந்த எழுத்துருவில் காட்டுவது? ஒன்றும் சொல்லாவிட்டால் தடித்த எழுத்து. சொல்லை அடுத்துச் சதுர அடைப்புக்குள் எண் போடுவதா? சொல்லாவிட்டால் போடும். பக்கத்தின் முடிவில் முகவரிகளை வரிசையாகப் பட்டியலிடுவதா? சொல்லாவிட்டால் இடும். பட்டியலுக்குத் தலைப்பு என்ன? சொல்லாவிட்டால் ‘குறிப்புகள்’ என்பதன் ஆங்கிலம். முகவரியை வரி முடிவில் இணைகோடு போட்டு உடைக்கலாமா? சொல்லாவிட்டால் கூடாது. சாய்கோட்டுக்குப் பின்னால் உடைக்கலாமா? அதுவும் சொல்லாவிட்டால் கூடாது. ஏழாவது கேள்வி அரைகுறை முகவரிகளைப் பற்றியது; அதற்குக் கொஞ்சம் பொறுக்கவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவதற்கும் இடையில் நடைத்தாளை எழுதியவர்கள் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். எண் போடு, ஆனால் பட்டியல் வேண்டாம் என்று ஒருவர் அமைத்தால் நிரல் கேட்காது. பட்டியலை இட்டே தீரும். எண்ணைக் காட்டிவிட்டு எண்ணுக்குரிய முகவரியை மறைப்பது வாசகரை ஏய்ப்பது என்பது அவர்கள் நியாயம். இரண்டையும் சேர்த்து அணைத்தால் மட்டும் நிரல் பணிந்துபோகிறது. அப்போது பக்கத்தில் தடித்த ஒரு சொல் எஞ்சும், முகவரி எங்கும் இராது. ஒழுங்கையைச் சொல்லாமல் வீட்டுக்காரர் பெயரை மட்டும் சொல்லிக் கலியாணத்துக்கு அழைப்பதுதான் அது.

இதைச் செய்வதற்கு வசதி கொடுக்கும் கருவிகளும் உண்டு. பெர்ல் மொழியின் ஆவணங்களைக் கையேட்டுப் பக்கமாக மாற்றும் பாட்-மேன் என்ற கூறு, ரஸ் ஆல்பெரி பராமரிப்பது, வழமையாகச் சொல்லையும் முகவரியையும் இரண்டையும் காட்டும். முகவரி வேண்டாம் என்று ஒரு தெரிவைக் கொடுத்தால் சொல் மட்டும் நிற்கும். முகவரிகள் அவ்வளவு முக்கியமில்லாத இடங்களில் பக்கம் நெரிசலின்றி இருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். முக்கியமா இல்லையா என்பதைப் பக்கத்தை உற்பத்தி செய்பவர் முடிவு செய்கிறார். தேடிப் போக முடியாமல் நிற்பவர் வாசகர்.

ஏழாவது கேள்விக்கு வருவோம். ஆவணத்துக்குள் சில இணைப்புகள் முழு முகவரியாக இராமல், ‘பக்கத்து அடைவில் உள்ள கோப்பு’ என்கிற அளவில் அரைகுறையாக இருக்கும். இணையத் தளத்தில் அது சரி. கையேட்டுப் பக்கத்துக்குப் பக்கத்து அடைவு என்று ஒன்று இல்லை. ஆகவே அடிமுகவரி என்ன என்று நடைத்தாள் கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால்? ‘அடிமுகவரி என்ற மாறியை அமைக்கவும்’ என்ற பொருளில், மாறியின் பெயரோடு, சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளை வாசகத்தையே முகவரிக்கு முன்னால் அச்சடித்துவிடும். எழுதுபவர் கண்ணில் படட்டும் என்று வைத்த எச்சரிக்கை அது. எழுதுபவர் பார்க்காமல் வெளியிட்டால் வாசகர் கண்ணில் படும்.

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி இதற்கு நல்ல உதாரணம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் தொடங்கிய கிட்டின் கையேடுகள் அஸ்கிடாக் என்ற எளிய வடிவில் எழுதப்படுகின்றன. வழமையான பாதையில் அவை டாக்புக்காகி, மேலே சொன்ன நடைத்தாள் வழியாகக் கையேட்டுப் பக்கமாகின்றன. அடிமுகவரியை அமைப்பதற்கென்றே கிட்டின் ஆக்கக் கோப்பில் தனியொரு மாறி சேர்த்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் அது உங்கள் கணினிக்குள்ளேயே கிட்டின் எச்டிஎம்எல் ஆவணங்கள் இருக்கவேண்டிய அடைவைக் காட்டும். வலையில்லாத வீட்டுக்கு இது உண்மையான உதவி. முகவரி இணையத்தைக் காட்டாமல் உள்ளூர்க் கோப்பைக் காட்டுகிறது; டேட்டா முடிந்த மாதக் கடைசியிலும் திறக்கலாம்.

ஒரு கொக்கி இருக்கிறது. டெபியன் இயங்குதளத்தில் அந்த எச்டிஎம்எல் ஆவணங்கள் தனிப் பொதியாக வருகின்றன. கிட்டை நிறுவியவர்கள் ஆவணப் பொதியையும் நிறுவியிருக்கவேண்டும் என்றில்லை. நிறுவாதவர்களின் கணினியில், கையேட்டின் முடிவில் எண்ணிட்டு, பட்டியலிட்டு, முழுதாக அச்சான முகவரி, இல்லாத கோப்பொன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆவணப் பொதியை நிறுவினால் அதே முகவரி உயிர்பெறும். முகவரி கண்ணுக்குத் தெரிந்ததால்தான் எது இல்லை என்று கண்டுபிடித்து நிறுவவே முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சரி, நம் 117ஐ இந்த இயந்திரத்துக்குள் போட்டால் என்ன ஆகும்?

கையேட்டுப் பக்கம் ஒன்றில் பண்டத்தரிப்புக்கு விக்கிப்பீடியா இணைப்புக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சொல் தடித்துவரும், பக்கத்தில் எண் வரும், நல்லது. பட்டியலில் முகவரி 147 குறி. வரி அகலம் 80. இணைகோடு போட்டு உடைக்க அனுமதித்தால், முகவரியில் இல்லாத ஒரு கோடு நடுவில் முளைக்கும். அதையும் முகவரியின் பகுதியென்று எடுத்துத் தட்டுபவர் வேறெங்கோ போவார், அல்லது எங்கும் போகமாட்டார். அதனால்தான் அந்தத் தெரிவு இயல்பில் அணைந்திருக்கிறது. சாய்கோட்டுக்குப் பின் உடைக்க அனுமதிப்பது நாகரிகமான வழி. குரோஃபில் அதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத முறிப்புக் குறி ஒன்று உண்டு. வரி மடங்கும், புதிதாக எந்தக் கோடும் வராது. ஆங்கில முகவரிகளில் சாய்கோடு அடிக்கடி வருவதால் இது நன்றாகவே வேலை செய்கிறது. நம்முடையதில் கடைசிச் சாய்கோடு 30ஆவது குறியோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் 117 குறி ஒரே பாளமாக நிற்கிறது, நடுவில் மூச்சுவிட ஒரு சாய்கோடு இல்லை. வரியை முறிக்க முடியவில்லை என்று குரோஃப் முறையிடும், பாளம் விளிம்பைத் தாண்டி வழியும். ஏழு கேள்விகளில் ஒன்றிலும் இதற்கான பதில் கிடையாது.

தீர்வு அமைப்புக்கு வெளியில்தான் இருக்கிறது. ஒன்று, முகவரியைத் தமிழிலேயே எழுதிவிடுவது. ஆர்எஃப்சி 3986 வந்த அதே 2005 ஜனவரியில், 3987 என்ற அடுத்த எண்ணில், உலக எழுத்துகளை நேரடியாக ஏற்கும் முகவரிக்கும் விதி எழுதப்பட்டது. அப்படி எழுதினால் பட்டியலில் எட்டு எழுத்துத்தான். முனையம் தமிழை ஒழுங்காகக் காட்டுமா என்பது வேறு வழக்கு.

இன்னொன்று, எண். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அறிமுகமான உதாரணமே இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு நூலக எண் உண்டு. நூலைப் பற்றிய விபரப் பக்கத்தின் முகவரியில் தமிழ்த் தலைப்பு இருக்கும், நகலெடுத்தால் சதவீதக் குறி பொழியும். மின்னூல் கோப்பின் முகவரியோ எண்களை அடுக்கி அமைந்தது. முழுவதும் ஒரு வரியில் அடங்கும், மடங்காது, கையால் பார்த்தும் தட்டலாம். ஒரே நூலகத்துக்குள் இரண்டு வகை முகவரி. கையேட்டுப் பக்கத்துக்கும் அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்புக்கும் ஏற்றது இரண்டாவது.

தளப் பெயர்களில் மட்டும் வேறொரு வித்தை செல்லும். 2010இல் இலங்கைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் உயர்மட்ட ஆள்களப் பெயர் கிடைத்தது. ‘.இலங்கை’ என்பதில் எழுத்து நான்கு, யுனிகோடுக் குறி ஆறு. சதவீத முறையில் எழுதினால் 54 ஆகவேண்டியது. ஆள்களப் பெயர்களுக்கோ, ஆடம் கொஸ்டெல்லோ 2003இல் ஆர்எஃப்சி 3492ஆக எழுதிய பியூனிகோடு என்ற சுருக்கு முறை உண்டு. பதின்மூன்று தடவை ‘இது தமிழ்’ என்று அது சொல்லாது. ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் உள்ள இடைவெளியை மட்டும் கணக்கெடுத்து எழுதும். அதில் ‘.இலங்கை’ 16 குறியில் முடிகிறது. இதே சுருக்கு சாய்கோட்டுக்கு அப்பால் உள்ள பகுதிக்கும் வந்திருந்தால் பண்டத்தரிப்புக்கு இந்தக் கதி இல்லை. வரவில்லை.

மூன்றாவது வழி, முகவரியை முனையத்துக்குள்ளேயே ஒளித்துவைப்பது. 2017 தொடக்கம் ஜினோம் முனையம், ஐடேர்ம்2 போன்றவை திரையில் உள்ள சொல்லுக்குப் பின்னால் ஓர் இணைப்பை மறைத்துவைக்கும் சமிக்ஞையை ஏற்கின்றன. 2023 ஜூலையில் வந்த குரோஃப் 1.23 அந்தச் சமிக்ஞையை எழுதக் கற்றுக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் சுட்டுவதற்கென்று புதிய கட்டளை ஒன்றையும் சேர்த்தது. ஆனால் அந்தப் பதிப்பில் முனையத்துக்கு இந்த வசதி இயல்பில் அணைந்தே இருந்தது. பக்கம் புரட்டிக் காட்டும் நிரல்கள் பரவலாக ஏற்கும்வரை பொறுப்பது என்பது குரோஃப்காரர்களின் அப்போதைய நிலைப்பாடு. வசதி அணைந்திருக்கும்போது முகவரி கோண அடைப்புக்குள் வெளிப்படையாகவே அச்சாகும். அவசரப்படாத இந்தப் புத்தி பாராட்டத்தக்கது.

கையேட்டுப் பக்கத்தை உலாவிக்கென்று மாற்றும்போது இணைப்பின் வார்ப்பை எப்படிக் கொடுப்பது, பெயரையும் பிரிவு எண்ணையும் எந்த இடத்தில் செருகுவது என்பதெல்லாம் இந்த வாரமே வந்திருக்கவேண்டியவை. கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் 2008இல் தொடங்கிய மேன்டாக் என்ற நிரலின் கதை அது. மாலைதீவு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அது அடுத்த வாரத்துக்குப் போகிறது. முனையத்தில் ஈகாரக் குறிக்குத் தனி இடம் இல்லை, இகரக் குறிக்கு உண்டு என்ற வேடிக்கையும் அதனோடு வரும்.

ஆவணம் எழுதும் வேலையில் இருப்பவர்களிடம் அதற்குள் ஒரு வேண்டுகோள். உற்பத்தியான பக்கத்தை வெளியிடுமுன் 80 அகல முனையத்தில் ஒரு தடவை கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள், எண்ணையும் பட்டியலையும் அணைக்காதீர்கள், அடிமுகவரியை அமையுங்கள். மற்றவர்கள், கிட் நிறுவிய கணினி கையில் இருந்தால், அதன் கையேட்டுப் பக்கமொன்றைத் திறந்து முடிவிலுள்ள குறிப்புகளுக்குப் போய், அங்கே காட்டியிருக்கும் கோப்பு உண்மையில் உங்கள் கணினியில் இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்கலாம்.